இடது இமை

பிப்ரவரி. பூங்கா திறக்க இன்னும் ஏழு வாரம்.
கார் நிறுத்துமிடத்து வேலியோரம்
நாங்கள் நான்கு பேர், இரண்டு பைனாகுலர்,
மயோனைஸ் உறைந்துபோன ஒரு பொட்டலம் உருளை வறுவல்.
உள்ளே ஒரு கிரேன்
பிராபாண்டின் சாம்பல் வானத்தில்
தண்டவாளம் தைக்கிறது.

ஹிட்டே தூண்களின் எண்களை உரக்க வாசிக்கிறான்:
பதினேழு, பதினெட்டு, இருபது.
பத்தொன்பது எங்கே?
இருட்டும்வரை அதையே பேசினோம்.
பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில்கூட
இவ்வளவு ஊகம் இருக்காது.

நாற்பத்தாறு மீட்டர். மூன்று தலைகீழ்ச் சுழல்.
மூழ்கிய நகரம் என்பது கதை.
பள்ளிப் பேருந்து ஓட்டும் மாஹ்டெல்ட்
சிமெண்டுப் பாறைகளைப் பார்த்து முகம் சுளித்தாள்.
"நானூறு வருஷம் கடலடியில் கிடந்த கல்
இப்படியா பளபளக்கும்? குளியலறை ஓடு மாதிரி?
பாசி எங்கே? சிப்பி எங்கே?
கதையை அழுக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டாமா?"
"அழுக்கு தானாக வரும்" என்றான் டூன்.
அடுமனை இரவு ஷிப்ட் முடித்து வந்தவன்,
காதோரம் இன்னும் மாவு.
"நம் ஊர் மழை ரெண்டு பெய்தால் போதும்."

என் தங்கை ஒருமுறை கேட்டாள்:
ரெண்டு நிமிஷம் கத்துவதற்கு
ரெண்டு வருஷம் பேசணுமா?
கத்துவது எல்லோருக்கும் வரும்.
கம்பி மடியில் இறங்கும் டக் சத்தத்துக்கும்
சங்கிலி பிடிக்கும் கடக் சத்தத்துக்கும் நடுவில்,
யாரோ விடியுமுன் ஏணியேறி
இந்த போல்ட்டைத் தட்டிக் கேட்டிருக்கிறார்
என்று தோன்றும் ஒரு நொடி.
அதற்காகத்தான்.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.
"ஆமா, பேசணும்" என்றேன்.

நான் பகலில் பல் செட் செய்கிறவள்.
அரை மில்லிமீட்டர் பிசகினால்
யாரோ ஒருவரால் ஆப்பிள் கடிக்க முடியாது.
அதனாலோ என்னவோ, எனக்கு அந்த ஆந்தை.

பூங்காவின் பழைய படகுச் சவாரி,
நான்காவது வளைவு, இருட்டு, கிளோரின் வாசனை.
கிளைமேல் உட்கார்ந்து கண் சிமிட்டும் மர ஆந்தை.
மூன்று பருவமாக இடது இமை இறங்கவில்லை.
வலது கண் தூங்கும்;
இடது கண் போகிற வருகிற படகையெல்லாம்
கடன்காரனைப் போலப் பார்க்கும்.
பதினொரு கடிதம் எழுதினேன்.
பதினொரு பதிலிலும் ஒரே வரி:
உங்கள் அக்கறைக்கு நன்றி.

ஏப்ரலில் திறந்தார்கள்.
மூழ்கிய நகரத்துக்கு மூன்று மணி நேர வரிசை.
பத்தொன்பதாம் தூண் இருந்தது,
மணிக்கூண்டுக்குள்ளே ஒளித்திருந்தார்கள்.
ஹிட்டே அதைத் தொட்டுவிட்டு
ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தான்.
இரண்டாம் சரிவில் உடம்பு இருக்கையை விட்டு எழுகிறது,
கடைசிச் சுழலில் லேசான உதறல்.
பாறைகள் இன்னும் இளித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஐந்து மணிக்கு, கால் ஓய்ந்து,
காலியாக வந்த படகில் ஏறினோம்.
நான்காவது வளைவு.
ஆந்தை
இரண்டு கண்ணையும் மூடியது.

யாரும் பேசவில்லை.
பிறகு டூன்தான், "இடது கொஞ்சம் தாமதம்" என்றான்.
மறுபடி ஏறினோம். ஆமாம், அரை நொடி.
மறுபடி ஏறியபோது மாஹ்டெல்ட் பார்த்தாள்:
கிளைக்கு அடியில் நீல டேப் ஒரு துண்டு,
அதில் பென்சிலால் "இடது".
மேலே நோக்கி ஓர் அம்புக்குறி.
இடுப்பளவு தண்ணீரில் நின்று
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும்;
கோடு நடுங்கியிருந்தது.

"டேப்பை எடுக்கச் சொல்லி எழுதணும்" என்றான் ஹிட்டே.
"காட்டுக்குள் ஏது டேப்? மொத்த மாயமும் போச்சு."
அவன் சொன்னது சரிதான்.
நோட்டைத் திறந்தேன். பேனா மூடியைக் கழற்றினேன்.
மூன்றாம் படகில் நீர் கசிகிறது என்று எழுதினேன்.
வெளிவாசல் விளக்கு இரண்டு எரியவில்லை என்று எழுதினேன்.

படகுக்காரப் பையன் கயிற்றை இழுத்துப் பிடித்து,
"கடைசிச் சுற்று, ஏறுகிறீர்களா?" என்றான்.
ஹிட்டேதான் முதலில் ஏறினான்.